தோற்கத் தெரியாத பின்பால்

உலகம்மாள் தன் புருஷனை விட்டுவிட்டு நாகர்கோவிலில் இருக்கும் மகள் வீட்டுக்கே நிரந்தரமாகப் போய்விடுவது என்று முடிவெடுத்து, இரண்டு பைகளும் ஒரு பிளாஸ்க்கும் நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலுமாக சாய்குறிச்சி மேல பஸ் ஸ்டாண்டில் காலை வண்டி ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பஸ் ரத வீதி தாண்டி, குளத்தங்கரை தாண்டி, ஊரின் தெற்குக் கோடியில் அரிசி மில் சுவரும் பழைய சினிமாக் கொட்டகைச் சுவரும் ஒன்றைப் பார்த்து ஒன்று சாய்ந்து நிற்கிற அந்த ஒடுக்கமான சந்துக்குள் நுழைந்து வெளியேறிய அதே நேரத்தில், மறுபடியும் மேல பஸ் ஸ்டாண்டில், தளவாயின் டீக்கடை பெஞ்சுக்கு முன்னால், பைகளும் பிளாஸ்க்கும் ஊறுகாயுமாக நின்றுகொண்டிருந்தாள். பஸ்ஸில் அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் டிக்கெட் மட்டும் கிடந்தது. அதைக் கண்டக்டர் அருள்தாஸ் எடுத்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என்ன மதினி, வண்டிய விட்டுட்டீங்களா?" என்று தளவாய் கேட்டார்.

"விடலயே. ஏறித்தான் போனேன். திரும்பி வந்துட்டேன்."

"அப்படியா? சரி, ஒரு டீ குடிங்க."

சாய்குறிச்சிக்காரர்கள் அப்படித்தான். எந்த அதிசயத்தையும் முதலில் ஒரு டீ குடிக்க வைத்து, அது என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் ஆச்சரியப்படுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பார்கள். அதற்குள் டீ ஆறிவிடும், ஆச்சரியமும் ஆறிவிடும். ஊரே ஒரு சரிவு. வடக்கே மலையும் அணையும், அதோடு ரோடு முடிந்தது. அங்கிருந்து வீடுகளும் கோயிலும் பள்ளிக்கூடமும் சரிந்து சரிந்து தெற்கே இறங்குகின்றன. பஸ் ஸ்டாண்டில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கீழே போட்டால் அது தெருத் தெருவாக உருண்டு, யார் காலிலாவது பட்டுத் திரும்பி, கடைசியில் தெற்குச் சந்து வழியாக வெளியே போய்விடும். ஆஸ்பத்திரி, கோர்ட், காலேஜ், சம்பந்தி வீடு, சுடுகாடு எல்லாமே அந்தச் சந்துக்கு அந்தப் பக்கம்தான்.

அவள் விட்டுவிட்டுப் போக நினைத்த புருஷன் கோமதிநாயகம், தராசுக்கும் படிக்கும் முத்திரை குத்துகிற ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்காரர்களின் எடைக்கல்லைக் கையில் வாங்கியதுமே குறை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும், தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கவும் அவருக்குத் தெரியாது. இப்படிப்பட்ட ஆளை வேறு ஊராக இருந்தால் ஒதுக்கி வைத்திருப்பார்கள். சாய்குறிச்சி அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது, ஏனென்றால் அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு முன்னால் ஒரே ஒரு இலை போடுவார்கள். அதில் கோமதிநாயகத்தை உட்கார வைத்து, எல்லாவற்றையும் பரிமாறி, இரண்டு வீட்டாரும் சுற்றி நின்று அவர் வாயைப் பார்ப்பார்கள். அவர் அவியலைத் தொட்டு, பச்சடியைத் தொட்டு, கண்ணை மூடி, "புளிக்குழம்புல வெந்தயம் ஒரு பங்கு கூட" என்று ஏதாவது ஒரு குறையைச் சொன்ன பிறகுதான் பெண்வீட்டாருக்கு மூச்சு வரும். குழந்தையின் கன்னத்தில் மை வைப்பதைப் போலத்தான் இதுவும்; குறையில்லாத கல்யாணத்தில் கண்ணேறு விழும் என்பது ஊரின் நம்பிக்கை. கடைசிப் பந்தி எழுந்ததும், வெற்றிலை போட்டு, சொன்ன குறையை அவரே எடுத்துவிட வேண்டும். அதற்கு அவர் "நிறைவு" என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். முதல் பாதியை அவர் ரசித்துச் செய்வார். இரண்டாம் பாதியை பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தவர் மாதிரி செய்வார்.

வீட்டில் பந்தி முடிவதே இல்லை அல்லவா? அதனால் கல்யாணம் ஆன நாளிலிருந்து உலகம்மாள் கேட்டதெல்லாம் முதல் பாதிதான்.

மாமனாரின் குறைகளைப் போனில் கேட்டுக் காது காய்த்துப்போன மருமகன், அவர் நேரம் போக ஒரு மலிவான கம்ப்யூட்டரை வாங்கி அனுப்பினான். அதோடு இலவசமாக வந்தது ஒரு பின்பால் விளையாட்டு. சாய்வான பலகையில் ஒரு குண்டு உருண்டு வரும். வழியில் மணிகளில் முட்டும், முட்டினால் புள்ளி. அடியில் இரண்டு மட்டைகள், நடுவில் ஒரு சந்து. குண்டு சந்தில் விழாமல் மட்டையால் தட்டித் தட்டி மேலே அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு கோமதிநாயகத்தைத் தெரியாது. அவர் தளவாய் கடை பெஞ்சில் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டு, வந்தவர் போனவரிடமெல்லாம் அதை விரித்து வைத்தார்.

"குண்டுன்னா இரும்புக் குண்டு மாதிரி இருக்க வேண்டாமாவே? அவிச்ச முட்ட மாதிரில்லா உருளுது. இடது மட்ட இருக்கே, அது நாம பொத்தான அமுக்குன பெறவு கொட்டாவி விட்டு, சோம்பல் முறிச்சு, அப்புறமாத்தான் எழும்பும். சில சமயம் குண்டு மட்டைக்குள்ளாறயே புகுந்து போயிருது, மட்டயும் தடுக்கல, குண்டுக்கும் வெக்கமில்ல. பாட்டு ஒரே பாட்டு. வலது மூலையில ரெண்டு மணிக்கு நடுவுல மாட்டிக்கிட்டா அங்கனயே கெடந்து அடிச்சுக்கிட்டே கெடக்கும், புள்ளி ஏறிக்கிட்டே கெடக்கும். இதெல்லாம்கூடப் போகட்டும். குண்டு நடுச்சந்துல விழுந்துட்டா என்ன ஆகணும்? போச்சுன்னு ஆகணும். இதுல ஐயோன்னு சொன்ன வாய மூடல, அதுக்குள்ள ஒண்ணுமே நடக்காத மாதிரி மேல வந்து நிக்கி. தோக்கவே முடியாதுன்னா அது என்னவே வெளயாட்டு? கைக்கு ஒரு பயம் வேண்டாமா?"

இந்தக் கடைசிக் குறையை விற்ற கடைக்கும் போனில் சொன்னார். எதிர்முனையில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டு, நன்றி சொல்லி, ஒரு பாட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அதுவும் ஒரே பாட்டுதான் என்று கோமதிநாயகம் சொன்னார். ஆனால் விளையாடுவதை அவர் விடவில்லை. ஒரு குறையைப் பிடித்துவிட்டால் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது அவருக்கு ஒரு சுகம்.

அப்படி இருக்கையில் ஒரு காலை, அவர் குளிக்கப் போன நேரத்தில், அடுப்பில் குக்கரை ஏற்றிவிட்டு வந்த உலகம்மாள், சும்மா கிடந்த அந்த நாற்காலியில் சும்மா உட்கார்ந்து, சும்மா ஒரு பொத்தானைத் தட்டினாள். குண்டு மேலே போய், வலது மூலை மணிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, மணி அடிக்கத் தொடங்கியது. அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, திரையெல்லாம் மின்னியது, புள்ளிகள் பானையில் பால் பொங்குவது போல ஏறின. உலகம்மாள் சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும் சிரித்தாள். அடுத்த வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நிறுத்திக் கேட்கிற அளவுக்குச் சிரித்தாள். அவள் கடைசியாக அப்படிச் சிரித்தது எப்போது என்று அவளுக்கே நினைவில்லை.

ஈரத் துண்டோடு வந்து நின்றார் கோமதிநாயகம். திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"உலகு, அது நீ ஆடுனது இல்ல. அது இந்த வெளயாட்டோட குறை."

உலகம்மாள் எழுந்து, அடுப்பை அணைத்து, சேலைகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். இந்த ஒரு வார்த்தைக்காகவா ஒருத்தி வீட்டை விட்டுப் போவாள் என்று பிறகு ஊரில் கேட்டார்கள். ஒரு வார்த்தைக்காக யாரும் போவதில்லை. இத்தனை வருஷமும் ஒவ்வொன்றாக வாங்கி உள்ளே வைத்தவளுக்கு, இதை வைக்க மட்டும் இடமில்லாமல் போய்விட்டது.

அன்றைக்குத்தான் அந்த விளையாட்டின் குறை கோமதிநாயகத்தின் வீட்டுப் படியிறங்கி ஊருக்குள் வந்தது. வெளியூர்க்காரர்கள் எப்போதும் போல வந்தார்கள், போனார்கள். சாய்குறிச்சிக்காரர் யாராவது தெற்குச் சந்தைத் தாண்டினால் மட்டும், கையில் இருக்கிற சாமானோடு மேல பஸ் ஸ்டாண்டில், தளவாய் கடைக்கு முன்னால் வந்து நிற்பார். நடந்து போனாலும் அப்படித்தான், லாரியில் போனாலும் அப்படித்தான். சந்து வேண்டாம் என்று வயல் வரப்பில் சுற்றிப் போனவர்கள் சேற்றுக் காலோடு வந்து நின்றார்கள். தளவாய் இன்னொரு பெஞ்சு வாங்கிப் போட்டார்.

முதல் சில நாட்கள் ஊர் கொஞ்சம் தடுமாறியது, பிறகு பழகிவிட்டது. வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் அலுவலகங்களுக்குப் போன் செய்து நடந்ததை நடந்தபடி சொன்னார்கள், யாரும் நம்பவில்லை. பிறகு மலேரியா என்று சொன்னார்கள், உடனே நம்பினார்கள். முட்டுவலிக்காரர்கள் மேல பஸ் ஸ்டாண்டை ஒட்டிய மலைக்கோயிலுக்கு மேடேறுவதை விட்டுவிட்டு, சொகுசாகத் தெற்கே இறங்கிப் போய்ச் சந்தைத் தாண்டி, மேலே வந்து நின்று சாமி கும்பிட்டார்கள். காதலித்து ஓடிப்போன ஒரு ஜோடி, பெண்ணின் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெஞ்சுக்கு நேர் எதிரே வந்து நின்றது. அவர் பேப்பரை மடிப்பதற்குள் மறுபடி ஓடியது, மறுபடி வந்து நின்றது. இப்படி ஓடுவதும் வருவதுமாக இருக்க, கடைசியில் அவரே சலித்துப்போய், "ஒக்காருங்கப்பா, மூச்சு வாங்குதுல்லா" என்று டீ சொன்னார். கல்யாணம் நிச்சயமானது. அந்தக் கல்யாணத்தில் இரண்டாம் தடவை பாயசம் வரவில்லை என்று கோவித்துக்கொண்டு துண்டை உதறித் தோளில் போட்டு வெளியேறிய மாப்பிள்ளையின் தாய்மாமன், கோபம் முகத்தில் இருக்கும்போதே மேல பஸ் ஸ்டாண்டில் வந்து நின்று, வேறு வழி இல்லாமல் சரிவில் இறங்கி மண்டபத்துக்கே வந்து, யாரும் கூப்பிடாமல் தானாகவே உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டார். கோவித்துக்கொண்டு போவது என்கிற கலையே ஊரில் இல்லாமல் போய்விட்டதே என்று பெரிய மனிதர்கள் வருந்தினார்கள். விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். அவர் வெளியூர்க்காரர், ஆகவே சந்து வழியாக ஒரு தடங்கலும் இல்லாமல் திரும்பிப் போய், தடங்கல் எதுவும் இல்லை என்று எழுதினார்.

உலகம்மாள் மட்டும் பழகவில்லை. அவள் தினமும் காலை வண்டிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். திரும்பி வந்த பிறகு வீட்டுக்குத்தான் போனாள், வேறு எங்கே போவது? ஆனால் பைகளைப் பிரிக்கவில்லை. அவை நடைவாசல் பெஞ்சில் எப்போதும் கட்டியபடியே இருந்தன. சமைத்தாள், துணி துவைத்தாள், விளக்கேற்றினாள். எல்லாவற்றையும் ரயில் வருகிற மட்டும் பிளாட்பாரத்தில் காத்திருப்பவள் மாதிரிச் செய்தாள். "நான் இங்க இல்லன்னு வச்சுக்கிடுங்க. வண்டி போற மட்டும்தான்" என்று சொல்லிவிட்டாள். இல்லாதவள் வைத்த குழம்பில் என்ன குறை சொல்வது? கோமதிநாயகம் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார்.

ஆனால் அவர் மனசுக்குள் நடந்தது வேறு. காலை வண்டி கிளம்பியதும் அவர் குடையை எடுத்துக்கொண்டு மேல பஸ் ஸ்டாண்டுக்கு ஏறிப் போய் நின்றுகொள்வார். கீழே வண்டி சந்துக்குள் நுழைகிற ஹார்ன் சத்தம் கேட்கும். அந்த ஒரு நொடி குடைக்கம்பை இறுகப் பிடித்துக்கொள்வார். அடுத்த நொடி அவள் எதிரே நிற்பாள், முகம் சிவந்து, முடி கலைந்து. அவர் பைகளை வாங்கிக்கொண்டு, அவளுக்குக் குடை பிடித்தபடி நடப்பார். வாழ்நாளில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அந்த விளையாட்டைப் பற்றி அவர் பேசுவதையே நிறுத்திவிட்டார். யாராவது பேச்செடுத்தால், "மலிவு வெலைக்கு அது போதும்வே" என்றார். கோமதிநாயகம் ஒரு பொருளைப் போதும் என்று சொல்லிவிட்டார் என்பது சந்துச் செய்தியைவிடப் பெரிய செய்தியாக ஊரைச் சுற்றி வந்தது.

இந்தச் சமயத்தில்தான் மேலத் தெரு பூதலிங்கம், மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, கட்டிலில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நல்ல சாவு என்று ஊர் சொன்னது. பாடை கட்டி, சங்கு ஊதி, சேகண்டி அடித்து, பூ எறிந்துகொண்டே தெற்கே கொண்டுபோனார்கள். சந்தைத் தாண்டினார்கள். பூதலிங்கமும், தூக்கியவர்களும், சங்கு ஊதியவரும், சட்டி ஏந்திய மகன் முப்புடாதியும் தளவாய் கடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். சுடுகாடும் சந்துக்கு அந்தப் பக்கம்தான் என்பதை அந்த அவசரத்தில் யாருமே யோசிக்கவில்லை. மறுபடி தூக்கினார்கள், மறுபடி வந்தார்கள். தோள் மாற்றித் தூக்கினார்கள். சங்கு ஊதியவருக்கு மூச்சு முட்டியது. வழி விட்டு எழுந்து நின்ற தளவாய்க்கு முதல் தடவையாக டீ குடிங்க என்று சொல்ல நா எழவில்லை.

வாடகைக்கு ஒரு ஐஸ் பெட்டி வந்தது. அடிக்கடி கரண்ட் போனது. நல்லபடியாக அழுது முடித்திருந்த பெண்கள், தினமும் பாடை புறப்படும்போதெல்லாம் மறுபடி எழுந்து அழ வேண்டியிருந்தது. அழுகைக்கும் ஒரு அளவு உண்டு, அதற்கு மேல் அது தொண்டையைக் கிழிக்கும். பூதலிங்கத்தின் பேத்தி, "தாத்தாவ இன்னும் எத்தன தடவ வழியனுப்பணும்?" என்று கேட்டாள். ஊரின் சிரிப்பு அதோடு நின்றது.

முப்புடாதி நேராகக் கோமதிநாயகம் வீட்டுக்கு வந்தான். அவன் பின்னால் தெருவே வந்தது.

"அண்ணாச்சி, எங்கப்பா ஆயுசு பூரா இந்த ஊரத் தாண்டுனதில்ல. இப்பவாது போகட்டும். குறை சொன்னது நீங்க. நீங்கதான் எடுக்கணும்."

"நான் வெளயாட்டத்தானப்பா சொன்னேன்."

"அதுக்குத்தான் நிறைவு சொல்லுங்கங்கோம். கல்யாண வீட்டுல சொல்லுதீங்கள்லா."

கோமதிநாயகம் நடைவாசல் பெஞ்சைப் பார்த்தார். இரண்டு பைகளும் கட்டியபடி இருந்தன. அவருக்குக் கணக்கு உடனே புரிந்துவிட்டது: பூதலிங்கத்துக்குத் திறக்கிற சந்து உலகம்மாளுக்கும் திறக்கும். தெருவே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். குண்டு எப்போதும் போல உருண்டுகொண்டிருந்தது. தொண்டையைச் செருமினார்.

"நிறைவு."

குண்டு சந்தில் விழுந்தது. மேலே வந்து நின்றது. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. யாரோ ஒருவர் வயரைப் பிடுங்கினார். ஆள் விட்டுப் பார்த்ததில், சந்தைத் தாண்டியவர் மேல பஸ் ஸ்டாண்டிலிருந்துதான் வந்தார். வயரை மறுபடி சொருகினார்கள், குண்டு தானாகவே உருள ஆரம்பித்தது.

"மனசில்லாமச் சொல்லுதீங்க அண்ணாச்சி" என்றான் முப்புடாதி. அவன் குரலில் கோபம் இல்லை. அழுது அழுது அது தேய்ந்திருந்தது.

உள்ளதுக்கு மாறாக ஒரு எடைக்கல்லில்கூட முத்திரை குத்தியிராத மனிதர் கோமதிநாயகம். இல்லாத நிறைவை எங்கிருந்து சொல்வார்? நாற்காலியிலிருந்து எழுந்தார். அடுப்படி வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்ற உலகம்மாளைப் பார்த்தார். அத்தனை பேருக்கு நடுவில் அவளிடம் பேச அவருக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் பேசினார்.

"உலகு, அன்னைக்கு குண்டு மாட்டிக்கிட்டது வெளயாட்டோட குறைதான். அத நான் மாத்திச் சொல்ல மாட்டேன்." நிறுத்தினார். "ஆனா நீ சிரிச்சியே, அதுல ஒரு குறையும் இல்ல. குளிச்சுக்கிட்டு இருந்தவன் அதக் கேட்டுத்தான் ஓடி வந்தேன். வந்து நின்னு, வாயில வந்தது அதுதான். எனக்கு வேற பேசத் தெரியாமப் போச்சு."

உலகம்மாள் கையைத் துடைப்பதை நிறுத்தினாள். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"நிறைவு" என்றார் கோமதிநாயகம். இந்தத் தடவை அது மெதுவாக வந்தது, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் குண்டு அவிச்ச முட்டை மாதிரி உருண்டு வந்தது. இடது மட்டை கொட்டாவி விட்டு எழுந்தது. குண்டு சந்தில் விழுந்தது. எல்லோரும் மேலே பார்த்தார்கள். குண்டு வரவில்லை. ஆட்டம் முடிந்தது என்று எழுத்து வந்து நின்றது.

அன்று சாயங்காலத்துக்குள் பூதலிங்கம் போய்ச் சேர்ந்தார். தெற்கே புகை எழுவதை மொட்டை மாடிகளில் நின்று ஊரே பார்த்தது. மறுநாள் காலை உலகம்மாள் பைகளைத் தூக்கினாள். தெருக்காரர்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. அவ்வளவு பேச்சைக் கேட்ட பிறகு அவள் பைகளைப் பிரித்துவிடுவாள் என்று நினைத்திருந்தார்கள்.

"நீங்க சொன்னது நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் அவள், செருப்பை மாட்டிக்கொண்டே. "ஆனா போகணும்னு கெளம்புனவளுக்கு ஒரு தடவையாது போய்ச் சேர வேண்டாமா?"

அவர் குடையோடு மேல பஸ் ஸ்டாண்டில் நின்றார். கீழே சந்தில் ஹார்ன் கேட்டது. எதிரே யாரும் வந்து நிற்கவில்லை. தளவாய் ஒரு டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாளும் அவர் வந்து நின்றார். அதற்கடுத்த நாளும். தளவாய்க்குத் தாங்கவில்லை. "அண்ணாச்சி, இனி மதினி இங்கன வந்து நிக்க மாட்டாங்க" என்றார். "அந்தக் குறையத்தான் நீங்க எடுத்துட்டீங்கள்லா." கோமதிநாயகம் தலையாட்டினார். மறுநாளும் வந்து நின்றார்.

வீட்டில் அந்த எழுத்து அப்படியே திரையில் நின்றுகொண்டிருந்தது. அவர் அதன் முன்னால் உட்கார்ந்து, குண்டு தானாக மேலே வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு சாயங்காலம், ஏதோ யோசனையில், கை தானாகப் பொத்தானைத் தட்டியது, புது ஆட்டம் தொடங்கியது. குண்டு மேலே வந்து நின்றது. அவர் அதை விளையாடவில்லை. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் போனை எடுத்தார். மகள் வீட்டுக்கு அவராகப் போன் செய்ததே கிடையாது; உலகம்மாள் பேசி முடித்த பிறகு ரிசீவரை வாங்கி மருமகனிடம் குறை சொல்வதுதான் வழக்கம்.

"மாத்தர எங்க இருக்குன்னு தெரியலயா?" என்று எடுத்தவுடன் கேட்டாள் உலகம்மாள்.

"தெரியுது." அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "ரசம் வச்சேன்."

"நீங்களா? எப்படி இருக்கு?"

அவர் நாக்குக்குத் தெரியும். உப்பு கூட, புளி குறைவு, பெருங்காயம் போடவே இல்லை, தக்காளி வேகவில்லை. வாழ்நாளில் அவர் கண்ட ரசத்திலேயே அதுதான் மோசம். அவ்வளவும் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"எனக்குச் சொல்ல வரல. நீ வந்து குறை சொல்லு."

 லைன் போய்விட்டதோ என்று அவர் போனைத் தட்டினார்.

"பேத்திக்குப் பரீச்ச முடியட்டும்" என்றாள் உலகம்மாள். அவள் குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "வெள்ளிக்கிழம வாரேன். மேல போய் நிக்காதீங்க. நான் தெக்கால இருந்துதான் வருவேன்."

வெள்ளிக்கிழமை அவர் குடையை எடுத்துக்கொண்டு, சரிவெல்லாம் இறங்கி, தெற்குச் சந்தில் போய் நின்றார். அந்த இடத்தில் யாருக்காகவும் யாரும் காத்திருந்ததில்லை. நிற்க ஒரு நிழல்கூட இல்லை. அரிசி மில்லிலிருந்து உமி பறந்து தலையில் விழுந்தது. போகிற வருகிறவர்கள் என்ன அண்ணாச்சி இங்கே என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பஸ் வந்தது. அருள்தாஸ் விசிலடித்தார். உலகம்மாள் இறங்கினாள், கையில் ஒரு பையோடு. இன்னொரு பை நாகர்கோவிலிலேயே இருந்தது. 

அவரை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தாள்.

"சட்டயத் திருப்பிப் போட்டிருக்கீங்க."

அவர் குனிந்து பார்த்தார். தையலெல்லாம் வெளியே தெரிந்தது. ஊர் முழுக்க இப்படியேதான் நடந்து வந்திருக்கிறார். "ஆமா" என்றார். அவர் முகம் அப்படி மலர்ந்து அருள்தாஸ் பார்த்ததில்லை. பையை வாங்கிக்கொண்டார், குடையை விரித்தார். இரண்டு பேரும் மேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். மேலே கொண்டுபோய் நிறுத்த இப்போது எதுவும் இல்லை. நடந்துதான் ஏற வேண்டியிருந்தது. குளத்தங்கரை தாண்டும்போதே அவருக்கு மூச்சு வாங்கியது. அவள் நின்றாள். அவர் மூச்சு அடங்கியதும் மறுபடி ஏறினார்கள்.